கை கழுவிய தண்ணீர்

பன்னிரண்டு வருஷமாகப் பைக்குள் மண் அள்ளிப் போடுகிறேன்.
இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல்,
ஒரு பங்கு மக்கிய எரு.
கறுப்புப் பிளாஸ்டிக் பை. தட்டு, குலுக்கு, வை.
ஒரு நாளைக்கு எழுநூறு.
கனவிலும் எழுநூறு,
அதற்குக் கூலி கிடையாது.

பங்குனியோடு இந்த வேலையைக் கைகழுவிவிடுவது என்றிருந்தேன்.
ஏற்காடு ரவுண்டானா பக்கம்
மிளகாய் பஜ்ஜிக் கடை.
அண்ணியிடம் அடுப்புகூடச் சொல்லி வைத்தாயிற்று.

அப்போதுதான் பூங்காவனம் வந்தாள்.
செவ்வாய்ப்பேட்டைக்காரி, கொலுசுப் பட்டறை.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
எலுமிச்சையை மோந்துகொண்டே வந்து
இறங்கியதும் முதல் வேலையாக வாந்தி எடுத்தாள்.
பேர்தான் பூங்காவனம்;
குடியிருக்கும் லைன் வீட்டில்
ஒரு துளசித் தொட்டிக்கு இடமில்லை.

மூணு நாள் லீவு, சும்மா உட்கார வராது என்று
நாற்றங்காலுக்கும் கூடவே வந்துவிட்டாள்.

காபி முளைவிட்டிருந்த பாத்தி.
குனிந்தவள் நிமிரவே இல்லை.
கொலுசுக்கு முத்து வைத்து ஊதும் கண்,
கடுகில் பாதியையும் பார்த்துவிடும்.
"ஏய் ஸ்டெல்லா, எல்லாம் தொப்பி போட்டு நிக்குதுடி!"

நின்றன.
ஒவ்வொரு தண்டும் தன் விதையைத்
தலையில் தூக்கிக்கொண்டு
விறைப்பாக,
யாரோ கொடி ஏற்றப்போவதைப் போல.
சிப்பாய்ப் பருவம் என்றுதான் நாங்களும் சொல்வோம்.
"சிப்பாய் எத்தனை?" "நாலு பாத்தி" என்று
மேஸ்திரிக்குக் கணக்குச் சொல்லிச் சொல்லி
அந்தச் சொல்லுக்குள் ஒரு சிப்பாய் நிற்பதை
நான் பார்த்தே எத்தனை வருஷம்.

மதியத்துக்குள் பையில் மண் போடக் கற்றுக்கொண்டாள், மோசமாக.
நான் இருநூறு போட்டபோது அவள் முப்பது.
ஒவ்வொரு பையையும் உள்ளங்கையில் ஏந்தி
"இது ரெண்டு கிராம் குறையுது" என்று
ஒரு சிட்டிகை சேர்த்தாள்.
சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல்.
மண்புழு நெளிந்தபோது கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.
விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்:
"இத்தனை வளையம், ஒரு இணைப்புகூடத் தெரியல.
யாருடி பத்த வச்சது?"

சோற்றுக்கு முன்னால் குழாயடியில் கை நீட்டினேன்.
தட்டிவிட்டாள்.
"வாளி எங்க?"
எதுக்கு?
"எங்க பட்டறையில கை கழுவுற தண்ணியக் கீழ விடமாட்டோம்.
தொட்டியில சேத்து வைப்போம்.
பெருக்குற குப்பையையும் மூட்டை கட்டுவோம்.
வருஷத்துக்கு ஒருக்கா உருக்குறவன் வருவான்.
அதுல வெள்ளி இருக்கும்டி."

என் நகக்கண்களைப் பார்த்தேன்.
எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு.
சேலத்தில் கல்யாணம் என்றால்
முந்தானைக்குள் ஒளித்துக்கொள்ளும் விரல்கள்.

வாளி வைத்தோம்.
நாலு கை கழுவிய தண்ணீர், டீ நிறத்தில்.
"யாருக்கு?" என்றாள்.
பை கிழிந்து, யாரும் வாங்காமல்,
மூன்று வருஷமாக ஓரத்தில் நிற்கும்
மிளகுக் கொடியைக் காட்டினேன்.
அவளே ஊற்றினாள்,
ஒரு சொட்டு வெளியே சிந்தாமல்.

சாயங்கால பஸ்ஸில் ஒரு சிப்பாயைச்
சம்படத்தில் வைத்து எடுத்துப் போனாள்.
சேலத்து வெயிலைக் காபி தாங்காது.
சொல்லவந்தேன், சொல்லவில்லை.
பல நாள் கழித்துப் போன்:
"தொப்பியக் கழட்டிருச்சுடி!
ரெண்டு இலை, வட்டமா, ஜோடித் தோடு மாதிரி."

கூலி ஏறவில்லை. முட்டிவலி இறங்கவில்லை.
இன்றைக்கும் எழுநூறு.
அடுப்பு எப்போ வேணும் என்கிறாள் அண்ணி.
பார்க்கலாம் என்கிறேன்.
குழாயடியில் வாளி அப்படியே இருக்கிறது.
இது என்னத்துக்கு, என்றார் மேஸ்திரி.
வெள்ளி, என்றேன்.